ஒரு மஞ்சள் தாள்கூட இல்லாதவர்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நாட்டுக்கு நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. ஒரு நாள்கூட அவர் மாலை ஆறு மணிக்கு முன்னால் வீட்டுக் கதவைத் திறந்ததில்லை. காய்ச்சல் அடித்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். என் மாமனார் தவறிப்போன செய்தி வந்த அன்றுகூடக் கையிலிருந்த சோதனையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்து அழுதார்.

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி கையிலேயே இருக்க, கூடத்துக்கு வந்தேன். செருப்பு அலமாரி பக்கத்தில் ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. குளிக்கப் போகும்வரை அதைக் கழற்றாத மனிதர்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் இந்நேரத்துக்கு வந்து நிக்கிறீங்க?"

"வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

"உடம்பு முடியலையா?"

"கூப்பிடுற வரைக்கும் வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

பேயறைந்த மாதிரி நின்றவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். நான்கு வருடம் ஒரே நிறுவனத்தில், ஒரே தொழிலில் இருந்தால் நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் வேலை போனால் அறுபது நாளில் கிளம்ப வேண்டும். நான்கு வருடம் முடிய எங்களுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

அவர் மாத்திரைகளைச் சோதிக்கிறவர். மருந்துத் தொழிற்சாலையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில மாத்திரைகள் ஆய்வகத்துக்கு வரும். அவற்றைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி, சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஒரு கருவிக்குள் வைப்பார். திரையில் ஒரு கோடு மலை மாதிரி எழும்பி இறங்கும். அந்த மலையின் அளவை வைத்து, மாத்திரையில் இருக்க வேண்டிய மருந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் தொகுதி வெளியே போகும். ஊரிலும் பதின்மூன்று வருடம் இதே வேலைதான். அங்கே அவருக்குக் கீழே ஒன்பது பேர் இருந்தார்கள். நான் பத்து வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினேன். எங்களுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. யாரும் விரட்டவில்லை, பட்டினி கிடக்கவில்லை. அவருடன் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், பெண்ணின் படிப்பு என்று ஒரு காரணமும் கிடைத்தது, நாங்களும் கிளம்பிவிட்டோம். இன்றைக்குக் கேட்டால் இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

ஊரில் ஒன்பது பேரை விரட்டி வேலை வாங்கிய மனிதர் விமானத்தை விட்டு இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். குளியலறைக் குழாய் ஒழுகியது. வாடகை வீட்டுப் பராமரிப்புக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு மாதம் சொல்லவில்லை. வாளியை வைத்துப் பிடித்தோம். "வந்த உடனே குறை சொல்றாங்கன்னு நினைச்சுட்டா?" என்பார். எட்டாவது மாதமும் வந்த உடனேதானா என்று கேட்டேன், வாளியைக் கொட்டப் போய்விட்டார். யார் எதைச் சொன்னாலும் "ரொம்ப நல்லது" என்பார். போனில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வார். பெண்ணுக்குப் பல் வலி என்று பல் மருத்துவரிடம் நேரம் கேட்கக்கூட அரைப் பக்கம் எழுதினார். நான் சிரித்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை.

"யாருக்குத்தான் இப்படிப் பயப்படுறீங்க?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"யாருக்குன்னு சொல்லத் தெரியல," என்றார். "நம்மள யாரும் வான்னு கூப்பிடலையே. நாமளாத்தானே வந்திருக்கோம்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு நாள், கண்ணெல்லாம் விரிய வந்து மஞ்சள் தாளைப் பற்றிச் சொன்னார். ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய மஞ்சள் தாள் வைத்திருப்பார்களாம். யார் என்ன தப்புச் செய்தாலும், குப்பியில் தப்பான எண் எழுதினாலும், துளி கீழே சிந்தினாலும், ஒரு தாளை எடுத்து நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தன் பெயருள்ள கோப்பில் தானே செருகிவிட வேண்டுமாம்.

"தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கச் சொல்றாங்க," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பக்கத்து மேஜையில் ஒருவர், எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்வாராம். விசில்காரர் என்றுதான் நாங்கள் வீட்டில் சொல்வோம். அந்த விசில்காரர் வாரத்துக்கு இரண்டு மஞ்சள் தாளாவது எழுதுவார், அதையும் விசிலடித்துக்கொண்டே எழுதுவார் என்றார் இவர். "பாவம், நல்ல மனுஷன். ரொம்ப நாள் தாங்க மாட்டார்," என்று அனுதாபப்பட்டார். மறு வருடம் விசில்காரரை மூத்த ஆய்வாளராக உயர்த்தினார்கள். அவருக்கு யாரோ பெரிய இடத்து ஆள் இருக்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவுகட்டினோம்.

இவருடைய கோப்பில் ஒரு மஞ்சள் தாள்கூட இல்லை. நான்கு வருடமாக வெறும் அட்டை. போனில் என் அக்காவிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவள் நான். "அவ்வளவு பெரிய லேப்ல இவர் ஒருத்தர்தான்க்கா சுத்தம்," என்று சொன்ன வாய் இது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வெளியிலிருந்து தணிக்கைக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள் எல்லோருடைய மஞ்சள் தாள் கோப்புகளையும் கேட்டு வாங்கிப் புரட்டினாராம். விசில்காரருடைய கோப்பு தலையணை கனத்துக்கு இருந்ததாம். அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். இவருடைய அட்டையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இது யாருடையது?" என்றாராம்.

"எனக்கு ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு," என்றார் என் வீட்டுக்காரர், டம்ளரைப் பார்த்தபடியே. "எந்திரிச்சு நின்னு, என்னோடதுன்னு சொன்னேன். சிரிச்சேன் வேற."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இவருடைய கருவியின் நினைவகத்தைத் திறந்து காட்டச் சொன்னார். அதில் பதிவானதை யாராலும் அழிக்க முடியாது. அங்கே இவர் தொடங்கிய நாளிலிருந்து, பதிவுகளைப் போட்டுவைக்கும் ஒரு தனிப் பெட்டகம் இருந்தது. அதற்கு இவர் வைத்திருந்த பெயர் 'சும்மா'. இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். சும்மா என்பதை எந்த மொழியில் யாருக்குப் புரியவைப்பது? இவர் திருதிருவென்று விழித்துவிட்டு, "ஒண்ணுமில்லை," என்றாராம். அவர் அதையும் குறித்துக்கொண்டாராம்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. "அதுல என்னதான் வெச்சிருந்தீங்க?"

"ஒரு தடவை முன்னாடியே போட்டுப் பார்த்துக்குவேன்."

"எதை?"

"சாம்பிளைத்தான். முதல்ல ஒரு குப்பி சும்மா போட்டுப் பார்ப்பேன். கரைச்சது சரியா, வடிகட்டினது சரியா, கோடு நல்லா வருதான்னு. சரியா இருந்தா அப்புறம் பதிவுல போடுவேன். கைத்தப்பு ஏதாவது இருந்தா முன்னாடியே தெரிஞ்சுடுமில்ல? மஞ்சள் தாள் எழுத வேண்டி வராதில்ல?"

"எத்தனை தடவை இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

"எல்லாத் தடவையும்," என்றார்.

நான் அவருடைய நிறுவனத்தின் மேல் பாயத் தயாராக இருந்தவள். ஒரு மனிதன் கவனமாக வேலை செய்தால் குற்றமா என்று கேட்கவிருந்தேன். ஆனால் பத்து வருடம் செய்முறைத் தேர்வு நடத்தியவள் நான். ஒரு மாணவி சோதனையை முன்கூட்டியே ரகசியமாகச் செய்து பார்த்து, விடை சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகு என் முன்னால் வந்து அதையே புதிதாகச் செய்வதுபோலச் செய்து காட்டினால் நான் என்ன செய்திருப்பேன்? அவள் குறிப்பேட்டைக் கிழித்து எறிந்திருப்பேன். நான்கு வருடம் இந்த மனிதர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாள்கூட நான் இதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

"அப்போ தப்பா வந்ததை மறைச்சீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஐயோ! ஒண்ணுகூடத் தப்பா வரலம்மா. சத்தியமா."

நம்பினேன். அவர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஆனால் என் நம்பிக்கையை யார் கேட்டார்கள்.

பள்ளிவிட்டு வந்த எங்கள் பெண், பதினோரு வயது, அப்பாவைப் பார்த்துப் பயந்துவிட்டாள். இருவருமாகச் சேர்ந்து மேலோட்டமாகச் சொன்னோம். அவள் யோசித்துவிட்டு, "எங்க கிளாஸ்லயும் ரப்பர் கிடையாதும்மா," என்றாள். "தப்பா எழுதினா ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல சரியா எழுதணும். அழிச்சாத்தான் மிஸ் கோபப்படுவாங்க." மூன்று வருடமாக இவள் நோட்டு அடித்தல் திருத்தலோடு அலங்கோலமாக இருக்கிறதே என்று நான் திட்டாத வாரம் இல்லை. அவள் அப்பா கடையில் வெள்ளை மை வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் அதைத் தொட்டதே இல்லையாம்.

வியாழக்கிழமை மதியம் விசில்காரர் வந்தார். இவர் ஆய்வகத்தில் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர்கள் பாஷையில் அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"நீங்க தப்பே பண்ண மாட்டீங்கன்னு நாங்க யாரும் நம்பினதில்ல," என்றார். "எங்ககிட்ட சொல்ல உங்களுக்கு விருப்பமில்லன்னுதான் நினைச்சோம். எங்களை நம்பலன்னு."

என் வீட்டுக்காரர் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"உங்க பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்யறது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, தெரியுமா?" என்றார் விசில்காரர். "நான் மட்டும்தான் எப்பவும் தப்பு பண்றேனோன்னு இருக்கும். அதனாலதான் விசிலடிப்பேன்."

அவர் போன பிறகு இவர் வெகுநேரம் அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு வருடமாக இவர் பரிதாபப்பட்ட மனிதர் இவரைப் பார்த்துப் பயந்திருக்கிறார். இவர் அவர்களைப் பார்த்துப் பயந்தார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குப் பதிலாகக் கத்தினேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று இருந்தது. "நீ வா," என்றார். அவர் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நாங்கள் செய்ததை இப்போது நினைத்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து நான் இருபது கேள்வி எழுதினேன். கேள்வித்தாள் தயாரிப்பது எனக்குக் கைவந்த கலை. என் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு ஆய்வகத் தலைவியாக உட்கார்ந்தேன்.

"இது விதிமீறல்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பழைய இடத்துல இருந்த பழக்கம். இங்க கூடாதுன்னு கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அது என் தப்பு."

"என் தப்புங்கிறப்போ கீழ பார்க்காதீங்க. என்னைப் பாருங்க. மறுபடி."

இப்படி இருபது கேள்வியும் மூன்று சுற்று. எந்தக் கேள்விக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது சுற்றில் அவர் பிசிறில்லாமல் சொன்னார். எங்கள் பெண் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அப்பா சூப்பரா பண்றாங்க," என்றாள். அன்று சாயங்காலம் ஆறு நாளைக்குப் பிறகு அவர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். தேறிவிடுவோம் என்று எனக்கும் நம்பிக்கை வந்திருந்தது.

திங்கட்கிழமை போனோம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவராக இருந்த அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆய்வகம். வெள்ளை அங்கி போட்டவர்கள் நடமாடினார்கள், கதவோரம் மஞ்சள் தாள் தட்டு. அவருடைய மேஜையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது காலியாக இருந்தது. மேஜைக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஆய்வகத் தலைவி, கட்டையான உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் சொந்தத் தேநீர்க் கோப்பை. இன்னொருவர் பணியாளர் பிரிவு அதிகாரி, சின்ன வயது, முன்னால் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அந்தப் பெட்டி யாருக்கு என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

தலைவி குரலை உயர்த்தவே இல்லை. நாங்கள் எழுதிய இருபதில் எட்டோ ஒன்பதோ கேள்விகள் அப்படியே வந்தன. இவர் அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். நான் மேஜைக்குக் கீழே விரலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு தலைவி ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "சும்மாங்கிற பெட்டகத்துல இருக்கிறதை எல்லாம் எடுத்து, நீங்க பதிவுல போட்டதோட ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பார்த்தோம். நாலு பேர் அஞ்சு நாள் உட்கார்ந்தோம். ஆயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு சோதனை."

அந்தக் கட்டின் கனத்தைக் கண்ணால் அளந்தேன்.

"ஒண்ணுகூட மாறல. ஒரு தடவைகூட உங்க கை தப்பு பண்ணல. ஆயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு தடவையும் நீங்க முதல் தடவையே சரியாத்தான் பண்ணியிருக்கீங்க."

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கத்தலாம் போல இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. யாரோ அறைந்த மாதிரி இருந்தார். ஒன்றும் தப்பாக வரவில்லை என்று தெரியும், ஆனால் அத்தனை தடவையையும் ஒன்றாகக் கூட்டி அவர் கேட்டது அன்றைக்குத்தான். சரியாக வந்ததையெல்லாம் அவர் அந்தந்த நாளோடு மறந்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி பயந்துகொண்டு போயிருக்கிறார்.

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி," என்றார் தலைவி. கண்ணாடியைக் கழற்றினார். "ஒருவேளை, சும்மா போட்டுப் பார்த்தப்போ தப்பா வந்திருந்தா? மருந்து குறைவா இருக்குன்னு வந்திருந்தா? என்ன பண்ணியிருப்பீங்க?"

இருபதில் இந்தக் கேள்வி இல்லை.

பத்து வருடம் கேள்வித்தாள் தயாரித்தவள் இதை எப்படி விட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். 'உடனே உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பேன்' என்று சொன்னால் போதும். நான்கே சொல். அந்தப் பெண்மணியும் அதைத்தான் எதிர்பார்த்தார், வேண்டிக்கொண்டார் என்றுகூடச் சொல்வேன். சின்ன அதிகாரி பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு இவரையே பார்த்தார். இவர் தலையைத் திருப்பினார். கண்ணாடிச் சுவர் வழியாகத் தன் மேஜையைப் பார்த்தார்.

"மறுபடி ஒரு தடவை போட்டிருப்பேன்," என்றார்.

"ஏன்?"

"என் கைதான் தப்பு பண்ணியிருக்கும்னு நினைச்சிருப்பேன்."

"மருந்துல குறை இருக்கும்னு?"

"அது தோணியிருக்காது."

"மறுபடியும் தப்பா வந்தா?"

"இன்னொரு தடவை."

"சரியா வர்ற வரைக்கும்?"

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஒரு பொய்யை யோசித்திருக்கலாம். யோசித்த மாதிரி தெரியவில்லை. "ஆமா," என்றார். "சரியா வர்ற வரைக்கும்."

அவர் சோதித்தது இதய நோயாளிகளுக்கான மாத்திரை. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் காலையில் எழுந்து, தண்ணீரோடு நம்பி விழுங்குகிற மாத்திரை. அதில் குறை இருந்திருந்தால், அதை முதலில் பார்த்திருக்கக்கூடிய ஒரே மனிதர் என் வீட்டுக்காரர். அவர் மாத்திரையைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். தன்னைச் சந்தேகப்பட்டு, தன் கையைத் திருத்தித் திருத்தி, கடைசியில் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியிருப்பார். இத்தனை வருடம் நான் கேலி செய்து சிரித்த பயம் இப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அவரை மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்துக்கொண்டேன்.

தலைவி எழுந்து கதவைத் திறந்து ஆய்வகத்துக்குள் போனார். தட்டிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இவரிடம் கொடுத்து எழுதச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவரும் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. தன் பெயரை மேலே எழுதினார். பிறகு எழுத எழுத வாய்விட்டுப் படித்தார்.

"நாலு வருஷமா ஒருத்தரோட கோப்பு காலியா இருந்தது. அது ஏன்னு நான் ஒரு நாளும் கேக்கல. ரெண்டு தடவை அவரைப் பாராட்டினேன். காரணம், எனக்கு அது வசதியா இருந்தது."

கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், இரண்டாக மடித்து வைத்தார். தேநீரை ஒரு வாய் குடித்தார். அதற்குப் பிறகும் அவருக்குத் தலைவி நாற்காலி இருந்தது, கோப்பை இருந்தது, மத்தியானச் சாப்பாடு இருந்தது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன்னைப் பற்றி இப்படி எழுதிவிட்டு உயிரோடு இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"இது எனக்குக் கஷ்டமா இருக்கு," என்று அவர் தொடங்கினார். ஆய்வகத்தில் இனி இவரை வைத்துக்கொள்ள முடியாது. சரக்கு அறையில் ஒரு வேலை காலியாக இருக்கிறது, ஆனால் எங்கள் அனுமதிச் சீட்டு இந்தத் தொழிலுக்கு மட்டும்தான், அதை அவர்கள் ஏற்கெனவே குடியேற்ற அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டார்களாம். வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் அவர் கடிதம் தருவார். நடந்ததை முழுக்க எழுதுவார், ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் எழுதுவார், கடைசிக் கேள்விக்கு இவர் சொன்ன பதிலையும் எழுதுவார். எதையும் விட மாட்டார்.

சின்ன அதிகாரி காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். எனக்கு அழுகை வரவில்லை. பிறகு அவர் நீட்டிய பணிநீக்கக் கடிதத்தில் அன்றைய தேதி இருந்தது, அறுபது நாள் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இருவருக்கும் கை கொடுத்தார். பழக்கதோஷம், "ரொம்ப நல்லது," என்றார்.

வெளியே வெயில் அடித்தது. பேருந்து நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏன் சொன்னீங்க?" என்றேன். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா ஏழு வாரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும். காலை அந்த மிதி மிதிக்கிறேனே, உறைக்கலையா உங்களுக்கு?"

"உறைச்சுது."

"அப்புறம்?"

"அது நம்ம இருபதுல இல்லையே."

"இல்லைன்னா? அந்த இடத்துல தோணாதா?"

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். நான்கு வருடத்தில் அவர் பொது இடத்தில் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யார் என்ன நினைப்பார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாச் சொல்லியிருப்பேன்," என்றார்.

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"உடனே உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பேன் மேடம்னு. கண்ணைப் பார்த்து. மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டு வந்திருப்பேன்."

"அது பொய்."

"ஆமா," என்றார். "பிசிறில்லாம சொல்லியிருப்பேன்."

அவர் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பேருந்து ஒன்று வந்து நின்றது, கதவு திறந்தது, நாங்கள் எழவில்லை என்றதும் மூடிக்கொண்டு போனது.